கிளாரினெட்டுக்கு ஒரு நீண்ட வரி

வீடியோவை நிறுத்தியபோது இசையமைப்பாளரின் வாய் பாதி திறந்தபடி நின்றது. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. அவள் நோட்டில் முப்பத்தேழு என்று எண் போட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, ‘வயலின் சத்தம் சற்றுத் தாமதமாகத்தான் எழும்பும், ஆகவே அந்த டிராக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்’ என்று எழுதினாள். எவ்வளவு முன்னால் என்று அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. பத்து நொடி பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். அப்போதும் சந்தேகம் தீராமல் மூன்றாம் முறையும் கேட்டு எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டாள். அந்த நோட்டில் கேள்விக்குறி இல்லாத பக்கம் என்று ஒன்று கிடையாது. தன் பெயரை எழுதியிருக்கும் முதல் பக்கத்தில் மட்டும்தான் போடவில்லை. அதிலும் ஒரு நாள் போட்டுவிடுவாள் என்று அக்கா சொல்வாள்.

அக்கா அதைச் சொன்னதும் கிசுகிசுப்பாகத்தான். அந்த வீட்டில் எதையுமே கிசுகிசுப்பாகத்தான் சொல்வார்கள். அத்தானுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து நான்கு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் என்று தூக்கத்தை இரண்டு தவணையாகப் பிரித்து வைத்திருந்தார். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, கோபித்துக்கொண்டதும் இல்லை. சிவந்த கண்ணோடு எழுந்து வந்து, “பரவால்ல, விடு” என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். அந்தப் ‘பரவால்ல’தான் வீட்டைப் பயமுறுத்தியது. குழாயை நூல் கனத்துக்குத் திறந்து, தண்ணீரைப் பக்கெட்டின் சுவரோடு ஒட்டி இறங்கவிடுவார்கள். டி.வி.யில் ஆட்கள் ஊமையாகச் சண்டை போட்டு ஊமையாகச் சமாதானம் ஆவார்கள். ஊசி விழுந்தாலும் போட்டவர் யார் என்று அக்காவின் புருவம் விசாரணை நடத்தும். அந்த வீட்டுக்கு அவள் வந்து மூன்று வருடமாகிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவை அங்கே சத்தமில்லாமல் குடியேற்றியது கடந்த எட்டு மாதங்களில்தான்.

“என்னடி சொல்றார் உன் கறுப்புச் சட்டை?” என்று அக்கா வாசற்படியில் நின்று உதட்டை அசைத்தாள். எல்லா வீடியோவிலும் அந்த இசையமைப்பாளர் கறுப்புச் சட்டையில்தான் வருவார்.

“வயலின் எல்லாம் லேட்டா வருதாம்.”

“உங்க அத்தான் மாதிரியா?”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு அக்கா போய்விட்டாள். இசையமைப்பாளர் பாதி வாயோடு அவளுக்காகக் காத்திருந்தார்.

அவர் நிறையப் படங்களுக்கு இசையமைத்தவர். ஓய்வு கிடைக்கும்போது, தான் வேலை செய்யும் விதத்தை வீடியோவாகப் போடுவார். அவர் முன்னால் மூன்று பெரிய திரைகள். அவளுக்கு ஒரு மடிக்கணினியும் கையகலக் கீபோர்டும். அவர் சொல்லிக்கொடுத்தது மாக்-அப் கட்டும் வேலை. வாத்தியக்காரர் ஒருவர்கூட இல்லாமல், ஏற்கெனவே யாரோ எங்கோ வாசித்துப் பதிவு செய்துவைத்த ஒற்றை ஒற்றைச் சுரங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதுபோலவே கேட்க வைப்பது. இயக்குநருக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அவர் பத்துத் திருத்தம் சொல்வார், நாளைக்கே வேண்டும் என்பார். அதனால் வேகம்தான் உயிர் என்பது இசையமைப்பாளரின் கட்சி. “தேடறது வேலை இல்லீங்க. தேடாம இருக்க ஏற்பாடு பண்ணி வைக்கறதுதான் வேலை,” என்பார். “மனசுல ஒரு மெட்டு சூடா இருக்கும்போது கிளாரினெட் எங்கன்னு தேடிட்டிருந்தா, கிளாரினெட் கிடைச்சிடும். மெட்டு ஆறிப்போயிடும்.”

ஆகவே முதலில் டெம்ப்ளேட். வயலின்கள், செல்லோக்கள், புல்லாங்குழல், கிளாரினெட், முரசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராக்கை முன்கூட்டியே திறந்து, பெயர் வைத்து, நிறம் கொடுத்து, ஒலி அளவு சரிபார்த்து ஒரு காலி மேடையாகச் சேமித்து வைப்பது. அவருக்கு அது ஒரு வாரயிறுதி வேலையாம். அவளுக்கு ஏழு வாரம் பிடித்தது. கிளாரினெட் போன்ற மரக் குழல்களுக்குப் பச்சை என்று முடிவு செய்ய ஒரு மாலை, எந்தப் பச்சை என்பதற்கு இன்னொரு மாலை. வாரம் இரண்டு நாள் அவள் போகும், ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிற மாலை இசை வகுப்பில் அதைத் திறந்து காட்டியபோது மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பகலில் அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிப்போன குரலில், “நாற்காலி எல்லாம் அழகா போட்டாச்சு. கச்சேரி எப்போ?” என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது மட்டும் சிரிப்பு நின்று, சரியான கேள்விதானே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பகலில் அவளுக்குப் பல் செட் செய்யும் லேப்பில் வேலை. மருத்துவர்களிடமிருந்து பிளாஸ்டர் அச்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வரும்; கூடவே பல்லின் நிறமும் தேதியும் எழுதிய ஒரு சீட்டு. வாய்தான் வரும், ஆள் வருவதில்லை. அவள் பங்கு கடைசி வேலை. செயற்கை ஈறில் பல் வரிசை சேருகிற இடத்தைத் தேய்த்து, மெருகேற்றி, ஒட்டு தெரியாமல் ஆக்குவது. நாக்கு பொல்லாதது, மயிரிழை விளிம்பையும் கண்டுபிடித்து நாள் முழுக்க அங்கேயே போய்ப் போய் மோதும். அவள் தேய்த்த செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்கு ரகசியமாகக் கொஞ்சம் கர்வம் உண்டு. பக்கத்து மேஜையில் மெழுகில் பல் வரிசை அடுக்குபவரை எல்லோரும் மெழுகண்ணன் என்பார்கள்.

“ஆர்க்கெஸ்ட்ராவா? எத்தனை பேரும்மா?” என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

“யாரும் இல்லண்ணே. நான் மட்டும்தான்.”

“அப்போ சண்டையே வராது.” மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிக்கொண்டே சொன்னார். “நல்ல குடும்பம்.”

ஏழு வாரம் நாற்காலி போட்டவளுக்கு, மெட்டு வந்தபோது ஒன்பதே மாலைகள் போதுமாக இருந்தன. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். கறுப்புச் சட்டைக்காரர் சொன்னபடி முதல் நாள் முழுவதையும் பியானோ ஒலியில் மட்டும் வாசித்து வைத்தாள். அழகு பார்க்கவில்லை; திரும்பிக்கூடக் கேட்கவில்லை. பிறகு வலது கையில் சுரம், இடது கையில் ஒலியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் என்று ஒவ்வொரு வாத்தியமாக வாசித்தாள். சுரங்கள் கட்டங்களில் கச்சிதமாக உட்கார்ந்தால் இயந்திர வாடை வரும் என்று அங்கங்கே லேசாகத் தடுமாறவிட்டாள். நடுப்பகுதியைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைத்த ஒலித் தொகுப்பில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். ஆனால் கொடுத்த பிறகு அந்த வரி அவளை விடவில்லை. வேலை முடிந்து பஸ் இறங்கி, கடைகள் தாண்டி, யாரும் பேசக்கூடாத ஒரு வீட்டை நோக்கி நடக்கிற அந்தப் பதினோரு நிமிடங்களை யாரிடமாவது சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வாள்? இப்படித்தான் சொல்வாள். தாழ்ந்த சுரத்தில் ஆரம்பித்து, அவசரமில்லாமல் ஏறி, உச்சியில் சத்தமாகவே விரிந்து, பிறகு இறங்கி முடிகிற ஒரே வரி. நான்கு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார்; அப்படிப் பதின்மூன்று பார். ஒரேயடியாக வாசிக்க அவள் விரல்களுக்குப் பழக்கம் போதாது. நான்கு துண்டாக வாசித்து, ஒரு துண்டின் கடைசிச் சுரத்தை அடுத்ததன் முதல் சுரத்தின் மேல் ஒரு நூல் அளவு படரவிட்டு ஒட்டினாள். ஒட்டின இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தேய்த்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். நாக்கு எங்கும் தட்டவில்லை.

வகுப்பில் போட்டுக் காட்டிய அன்று மேடம் நடுப்பகுதியை இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். பிறகு, “அந்தக் கிளாரினெட் வரியை நீ எங்க ஒட்டினேன்னே தெரியலையேம்மா,” என்றார். வகுப்பில் அந்த வருடம் புதிதாக ஓர் ஏற்பாடு இருந்தது. மாணவர்கள் எழுதிய இசையில் ஒன்றே ஒன்றை மட்டும், நிஜ ஆட்கள் ஒன்பது பேர் பள்ளிக்கூட அரங்கில் வாசிப்பார்கள். அது அவளுடையது என்று அடுத்த வாரம் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். இரண்டாவதாக, ஏதாவது காரணத்தால் முதலாவது நின்றுபோனால் வாசிப்பதற்கு, பெயின்ட் கடையில் வேலை செய்யும் பையனின் அணிவகுப்பு இசை.

அன்று மாலை வீட்டில் செய்தி சொன்னபோது அத்தானின் இரண்டாம் தவணைத் தூக்கம். அக்கா சமையலறைத் தரையில் வெறுங்காலோடு, சத்தமே வராமல் மூன்று முறை குதித்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து கத்தினார்கள், காற்று மட்டும் வந்தது. பிறகு அக்கா பாத்திரம் தேய்க்கத் திரும்பிவிட்டாள். அவள் தன் அறையில் உட்கார்ந்து, கறுப்புச் சட்டைக்காரரின் வீடியோவுக்குக் கீழே, ‘உங்களால்தான் முடிந்தது ஐயா. மனிதர்கள் வாசிக்கப் போகிறார்கள்’ என்று எழுதினாள். நான்கு நாள் கழித்து அதற்கு ஒரு இதயக்குறி விழுந்திருந்தது. மேலேயும் கீழேயும் இருந்த நூற்றுச்சொச்சம் பேருக்கும் அதே இதயக்குறிதான் விழுந்திருந்தது என்பதை அவள் ஸ்க்ரோல் செய்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வாசிப்பவர்களுக்கான தாள்கள் வியாழக்கிழமை மின்னஞ்சலில் போயின. அடுத்த வியாழன் ஒத்திகை. நடுவில் இருந்த ஆறு நாளும் அவள் லேப்பில் பல்லைத் தேய்த்துக்கொண்டே, ஒன்பது வீடுகளில் ஒன்பது பேர் தன் சுரங்களை வாசித்துக்கொண்டிருப்பதாக நினைத்தாள். அவர்கள் முகம் தெரியாது. தன் பேச்சை இத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்ததாக அவளுக்கு நினைவில்லை. மேடையில் அது ஒலிக்கிற அந்த மூன்று நிமிடம் வந்துவிட்டால், அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்றிருந்தது.

ஒத்திகை அறிவியல் அறையில். எல்லோரும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். செல்லோ வாசிப்பவள் மருந்துக்கடைச் சட்டையிலேயே இருந்தாள். கிளாரினெட் வாசிப்பவனுக்கு முப்பது வயதிருக்கும். பார்சல் கொடுக்கும் வேலை. ஹெல்மெட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, கம்பெனிப் பெயர் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றாமல் வாத்தியத்தைப் பொருத்திக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைக் கூரியர் என்றே கூப்பிட்டார்கள். அவள் கடைசி மேஜையில், எரிவாயுக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் வந்தது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் நடுவில் குடியிருந்த ஒன்று, இப்போது அறை முழுவதும் நடமாடியது. வயலின்கள் நிஜமாகவே லேட்டாகத்தான் வந்தன. அதுகூட அழகாக இருந்தது. பிறகு கிளாரினெட் ஆரம்பித்தது. அவள் கட்டியதைவிடக் கரகரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்தாவது பார், ஆறாவது. ஏழாவதில் அவன் முகம் சிவந்தது. எட்டாவதில் கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பதாவதில், சரியாகச் சத்தம் விரிய வேண்டிய இடத்தில், வாத்தியம் ஒரு கீறல் கீறிவிட்டு நின்றது.

“இன்னொரு தடவை,” என்றார் மேடம்.

இன்னொரு தடவையும் ஒன்பதில் நின்றது. மூன்றாம் தடவை எட்டில். அவன் கண்ணை மூடி மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன கூரியர், பார்சல் பாதி வழியிலயே நின்னுடுச்சா?” என்றாள் மருந்துக்கடைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவனும் சிரிக்கப் பார்த்தான். “சாரி மேடம். வீட்ல பத்தாவது பார் வரைக்கும் போயிட்டேன். இன்னிக்கு லிஃப்ட் இல்லாத பில்டிங்கா மாட்டிச்சு, அதான் மூச்சு பத்தல. சிகரெட்டை விட்டு ஆறு நாளாச்சு மேடம், இந்த ஒரு வரிக்காக. இன்னும் ஒரு வாரம் குடுத்தா வந்துடும்.”

“ஒரு வாரத்துல நுரையீரல் வளராதுப்பா,” என்றார் மேடம். அவர் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு செய்யலாம். அந்த வரியை மட்டும் ஸ்பீக்கர்ல விட்டுடலாம். அவங்க கம்ப்யூட்டர்ல பண்ணினதுதான் பிரமாதமா இருக்கே. மத்தவங்க அதுக்கு ஒட்டி வாசிங்க. நீங்க இந்தத் தடவை உட்கார்ந்து கேளுங்க கூரியர், தப்பா நினைக்காதீங்க.”

“இல்ல மேடம், இதுல என்ன இருக்கு,” என்றான் அவன். கிளாரினெட்டை ஐந்து துண்டாகக் கழற்றினான். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு துணியை விட்டு இழுத்து, ஈரத்தைத் துடைத்து, பெட்டியின் குழிகளில் வைக்க ஆரம்பித்தான். அவன் துடைத்த நிதானத்தில் ஒரு பழக்கம் தெரிந்தது. வாத்தியத்தைத் துடைக்கும் பழக்கம் மட்டுமல்ல, ஒதுங்கச் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கமும்கூட.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைக்க முடியாது. ஸ்பீக்கரில் அந்த வரி எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்: கீறல் இல்லாமல், ஒட்டு தெரியாமல், அவள் மனதில் இருப்பதுபோலவே. மேடை நிச்சயம், மூன்று நிமிடம் நிச்சயம். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல் என்று விட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படி விடத்தான் நினைத்தாள். ஆனால் எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற புத்தி சும்மா இருக்கவில்லை. மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினாள். பதின்மூன்று பார், ஒன்றுக்கு நான்கு நொடி. ஐம்பத்திரண்டு. மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, யாருக்கும் தெரியாமல் மெல்ல ஊதிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் பத்தொன்பது தாண்டுவதற்குள் அவளுக்கு நெஞ்சு காலியாகிவிட்டது. மறுபடி ஊதினாள். பதினேழு.

நான்கு துண்டாகத் தானே வாசித்தாள்? தன் கைக்கே மூன்று தடவை ஓய்வு வேண்டியிருந்தது. அந்த ஓய்வுகளைத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்து இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

“மேடம்.” குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள். “மேடம், அது வாசிக்க முடியாத வரி.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“தப்பு அவரோடது இல்ல. ஐம்பத்திரண்டு செகண்ட், உச்சியில சத்தமா வேற. நான்... நாலு துண்டா வாசிச்சு ஒட்டினேன். மூச்சு விடணும்னு எனக்குத் தோணவே இல்ல. கம்ப்யூட்டருக்கு மூச்சு வேண்டாம் இல்லையா, அதனால.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நானும்தான் கேட்டேன். பாராட்டவும் செஞ்சேன். எனக்கும் தோணலையே,” என்றார் மெதுவாக. பிறகு பழைய கண்டிப்பு வந்துவிட்டது. “சரி. ஸ்பீக்கர்ல விட்டா நீ எழுதினது அப்படியே நிக்கும். இல்ல, இவர்தான் வாசிக்கணும்னா மாத்தி எழுதணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுத் தாளும், கேட்டுப் பழக ஒரு மாக்-அப்பும் எனக்கு வரணும். அடுத்த வியாழன் சரியா வரலேன்னா அணிவகுப்புக்குப் போயிடுவேன், அதுக்கு ஒத்திகை வேணும். எதுன்னு நீயே சொல்லு.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். நான்கு துண்டுகள் குழிக்குள் போய்விட்டன. ஊதும் துண்டு மட்டும் இன்னும் அவன் கையில் இருந்தது.

“மாத்தி எழுதறேன்,” என்றாள்.

“அப்போ என் நுரையீரல் மேல தப்பு இல்லையா?” என்றான் கூரியர், அவளை நேராகப் பார்த்து. “ஆறு நாள் சிகரெட் போச்சேங்க!”

“விட்டது விட்டதாவே இருக்கட்டும்,” என்றாள் மருந்துக்கடைக்காரி.

ஒத்திகை கலைந்த பிறகு மாடிப்படியில் அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தாளை விரித்து உட்கார்ந்திருந்தான். காதில் பென்சில். “எங்கெல்லாம் மூச்சு வாங்கறதுன்னு இப்பவே குறிச்சிடலாம். எனக்கு இன்னும் ரெண்டு டெலிவரி பாக்கி,” என்றான்.

“உங்களுக்கு எங்க வசதியோ அங்க போட்டுக்கோங்க.”

“எனக்கு வசதின்னா ரெண்டு பாருக்கு ஒண்ணு போடுவேன். வரி செத்துடும். சில பேர் கன்னத்துல காத்தை வச்சுக்கிட்டு மூக்கால இழுத்து நிறுத்தாம வாசிப்பாங்க. நான் பார்சல் குடுக்கறவன்.” பென்சிலைக் கையில் எடுத்தான். “நீங்க பாடுங்க. எழுதினவங்க பாடினா எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.”

“எனக்குப் பாட வராது.”

“பாட்டுப் போட்டியா நடக்குது இங்க? சும்மா லா லான்னு சொல்லுங்க.”

அவள் இரண்டு படி கீழே, சுவரைப் பார்த்தபடி நின்றாள். இந்த வரியை எத்தனை நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. அந்த வீட்டில் எங்கே சொல்வது? ஆரம்பித்தாள். இரண்டு பார் போவதற்குள் அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“யாராவது தூங்கறாங்களா இங்க?”

“என்ன?”

“இல்ல, அவ்வளவு மெதுவா பாடறீங்களே. சத்தமா பாடுங்க. சத்தமா பாடினாத்தான் மூச்சு எங்க தீருதுன்னு தெரியும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமினாள். முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை குரல் படிக்கட்டில் ஏறி, மூன்றாம் மாடி வரை போய்த் திரும்பி வந்தது. தடிமனான குரல்; அவளே எதிர்பாராத குரல். மூன்றாவது பாரில் மூச்சு தீர்ந்தது. வாங்கினாள். பென்சில் காகிதத்தில் உராயும் சத்தம் கேட்டது. ஆறில் வாங்கினாள். உச்சிக்கு முன்னால் தாக்குப் பிடித்துப் பார்த்து, முடியாமல் ஓரமாக ஒரு திருட்டு மூச்சு வாங்கி, வாங்காததுபோல் தொடர்ந்தாள்.

“இங்க வாங்கினீங்க, வாங்காத மாதிரி நடிச்சீங்க,” என்றான் தலையைத் தூக்காமல். “இங்கயும் போடறேன்.”

மொத்தம் ஐந்து குறிகள். தாளைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அவளிடம் கொடுத்தான். “இது வாசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அதற்கு மேல் அவன் ஏதோ சொன்னது ஹெல்மெட்டுக்குள் அமுங்கிவிட்டது. வண்டி கிளம்பி, திருப்பத்தில் சத்தம் தேய்ந்து போகும் வரை அவள் படியிலேயே நின்றாள். அவள் பெயரை அவன் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அவள் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு எண்கள். வேகம் இருந்தது, நிறம் இருந்தது, நொடியில் ஆயிரத்தில் எத்தனை பங்கு முன்னால் தள்ள வேண்டும் என்பது இருந்தது. மூச்சு என்ற சொல் எங்கும் இல்லை. அவர் சொல்லியிருந்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்ட ஏதோ ஒரு வீடியோவில் தப்பிவிட்டதோ? வீடியோவின் கீழே போய், ‘ஐயா, ஊதுபவர்கள் மூச்சு வாங்க எங்கே இடம் விடுவது என்று எந்த வீடியோவில் சொல்லியிருக்கிறீர்கள்?’ என்று கேட்டாள். சிறிது நேரத்தில் ஒரு பதில் வந்தது. ஆவலாகத் திறந்தாள். முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம் வைத்திருந்த யாரோ, ‘எனக்கும் இதே சந்தேகம்’ என்று போட்டிருந்தார்கள்.

நோட்டை மூடி வைத்துவிட்டு, பச்சை நிற டிராக்கைத் திறந்தாள். தாளைத் திரையின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். முதல் குறி. ஒன்றன் மேல் ஒன்று படர்ந்திருந்த இரண்டு சுரங்களையும் பிரித்து, முன்னதன் வாலை வெட்டினாள். தான் ஒட்டிய இடம் எது என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தையும் வெட்டி முடித்து, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வரி ஏறியது. மூன்றாவது பாரில் நின்றது. ஹெட்போனுக்குள் அரை நொடி ஒன்றுமே இல்லை. சட்டை உரசவில்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை, யாரும் எதையும் உள்ளே இழுக்கவில்லை. வெட்டின இடம் வெட்டின இடமாகவே இருந்தது. பிறகு எந்தக் களைப்பும் இல்லாமல் கிளாரினெட் அடுத்த சுரத்தை எடுத்தது. அவள் நிறுத்தி, இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கிக் கேட்டாள். குறுக்கிக் கேட்டாள். எப்படி வைத்தாலும் அங்கே ஆள் இல்லை.

நெம்புகோலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை முழுவதையும் ஓடவிட்டாள். முதல் இடைவெளி வந்தபோது அவள் தோள்கள் தாமாக உயர்ந்தன. வாய் லேசாகத் திறந்து, காற்றைச் சத்தத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டது. வரி தொடர்ந்தது. அடுத்த வெற்றிடத்துக்கு இன்னும் மூன்று பார் இருந்தன. அவள் அசையாமல், நெஞ்சில் பாதிக் காற்றோடு, திரையில் நகரும் கோடு அங்கே போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.